ஏட்டு வரியும் திரை வரியும்: புனே நிறுவனங்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு சொல் எந்த நூலில், எந்தப் பாட்டில், எத்தனையாவது அடியில் இடம்பெறுகிறது என்று சுட்ட இயலும்போதுதான் அது ஆய்வுக்குரிய சான்றாகிறது. இடம் சுட்டப்படாத மேற்கோளை மற்றொருவர் சரிபார்க்க இயலாது. ஓலைச்சுவடியிலும் கல்லிலும் அச்சுத்தாளிலும் இவ்விடத்தைச் சுட்டுவதற்குத் தனித்தனி மரபுகள் உருவாயின. இன்று தமிழ் நூல்கள் பெரும்பாலும் கணினித் திரையில் உள்ளிடப்பட்டு, அங்கேயே திருத்தப்பட்டு, அங்கேயே தேடப்படுகின்றன. உரையை உள்ளிடவும் திருத்தவும் திரையில் அமையும் சாளரப் பகுதியை இங்கு உரைப்பெட்டி எனலாம். இவ்வுரைப்பெட்டி ஒரு வரியின் இடத்தை எவ்வாறு அறிகிறது, அது எண்ணும் வரியும் தமிழ் யாப்பு எண்ணும் அடியும் ஒன்றா, ஒன்றல்லவெனின் பதிப்பாசிரியர் கொள்ள வேண்டிய நெறி யாது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

இவ்வாய்விற்குப் புனே நகரம் களமாகக் கொள்ளப்படுகிறது. 1917இல் அங்கு நிறுவப்பெற்ற பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் மகாபாரதச் செம்பதிப்பின் வாயிலாக வரிக்கு நிலையான முகவரி அளிக்கும் முறையை வளர்த்தது. 1988இல் அதே நகரில் நிறுவப்பெற்ற உயர்கணினி மேம்பாட்டு மையமாகிய சி-டாக், இந்திய எழுத்துகளைத் திரைக்குக் கொணரும் பணியை மேற்கொண்டது. இவ்விரு நிறுவனங்களின் பணிகளுக்கிடையே நேரடித் தொடர்பு இருந்தது என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. ஒரே சிக்கலின் இரு பாதிகளை அவை தனித்தனியே எதிர்கொண்டன என்பதே இங்குக் காட்டப்படுகிறது.

வரியும் அடியும்

தமிழில் வரி, அடி என்னும் இரு சொற்களும் ஒன்றுபோல வழங்கினும் அவை சுட்டும் பொருள் வேறு. எழுதப்படும் பரப்பின் ஓரத்தில் தொடங்கி மறு ஓரத்தில் முடிவது வரி. சீர்கள் தளைப்பட்டு அமைய, யாப்பினால் எல்லை பெறுவது அடி. வரி பரப்பைச் சார்ந்தது. அடி பனுவலைச் சார்ந்தது. இவ்வேறுபாடு இக்கட்டுரை முழுவதும் பேணப்படுகிறது.

ஓலைச்சுவடியில் செய்யுள் அடி அடியாகப் பிரித்து எழுதப்படவில்லை. சொற்பிரிப்பும் இல்லை. எழுத்தாணி ஓலையின் வலப்பக்க ஓரத்தை அடைந்தபோது, சொல்லின் நடுவே ஆயினும் வரி முடிந்து அடுத்த வரி தொடங்கிற்று. ஏட்டிற்கு எண் இடப்பட்டதேயன்றி அடிக்கு எண் இடப்படவில்லை. ஆயினும் அடி எங்கே முடிகிறது என்பதை அறிந்தோர் அறிந்தே படித்தனர். அவ்வெல்லையைக் காத்தவை யாப்பும் பாடம் சொல்லும் மரபுமாகும்.

அடியை எண்ணும் வழக்கம் அச்சோடு வந்ததன்று. தொகை நூல்களின் அமைப்பே அடி எண்ணிக்கையின்மேல் எழுப்பப்பட்டது. குறுந்தொகை 4 முதல் 8 வரையும், நற்றிணை 9 முதல் 12 வரையும், அகநானூறு 13 முதல் 31 வரையும் அடிகளைக் கொண்ட பாடல்களின் தொகுப்பாக வரையறுக்கப்பட்டன. குறுமை, நெடுமை என்னும் அடிப்படையிலேயே குறுந்தொகை, நெடுந்தொகை என்னும் பெயர்களும் அமைந்தன. அகநானூற்றில் பாடலின் வரிசை எண்ணும் பொருள் தருவதாயிற்று. ஒற்றைப்படை எண்ணுடையவை பாலை. 2, 8 என முடிவன குறிஞ்சி. 4 என முடிவன முல்லை. 6 என முடிவன மருதம். 10இன் மடங்காக வருவன நெய்தல். ஒரு பாடல் இடம்பெயர்ந்தால் அதன் திணையே அப்பிறழ்ச்சியைக் காட்டிக்கொடுக்கும். எண்ணிடத்தைப் பனுவலின் பாதுகாப்பாக ஆளும் முறையைப் பண்டைத் தொகுப்பாளர் நன்கு அறிந்திருந்தனர் என்பது இதனால் பெறப்படுகிறது.

தொல்காப்பியச் செய்யுளியல் அடியின் நீளத்தை எழுத்தெண்ணி வகுக்கிறது. 4 முதல் 6 எழுத்து வரை குறளடி, 7 முதல் 9 வரை சிந்தடி, 10 முதல் 14 வரை நேரடி, 15 முதல் 17 வரை நெடிலடி, 18 முதல் 20 வரை கழிநெடிலடி என்பன அவை. இவ்வெண்ணிக்கையில் உயிரில்லாத எழுத்து, அதாவது ஒற்று, கணக்கில் சேராது. பின்வந்த யாப்பிலக்கண நூல்கள் எழுத்தைவிடுத்துச் சீரின் எண்ணிக்கையால் அடியை வகுத்தன. எதனை ஓர் அலகாகக் கொண்டு எண்ணுவது என்னும் வினா, கணினிக்கு நெடுங்காலம் முன்பே தமிழ் இலக்கணத்தில் எழுந்து விடை பெற்றுள்ளமை நோக்கத்தக்கது.

அச்சில் அடியும் கல்லில் வரியும்

19ஆம் நூற்றாண்டின் பதிப்பாசிரியர்கள் ஏட்டு வரியைக் கலைத்து அடியை மீட்டனர். உ.வே. சாமிநாதையரின் பத்துப்பாட்டுப் பதிப்பு 1889இல் வெளிவந்தது. முல்லைப்பாட்டு 103 அடி, மதுரைக்காஞ்சி 782 அடி என்று இன்று தயக்கமின்றிச் சொல்ல முடிவது, ஓலையில் தொடர்ந்து ஓடிய எழுத்து அச்சில் அடிகளாக நிறுத்தப்பட்டமையால்தான். குறிப்பிட்ட இடைவெளியில் அடியெண் இடும் வழக்கமும் அச்சில் வேரூன்றியது. 1967 முதல் 1970 வரை புதுச்சேரி பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனம் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழந்தமிழ்ச் சொல்லடைவும், தாமஸ் லேமன், தாமஸ் மால்டன் ஆகியோர் 1990களின் தொடக்கத்தில் வெளியிட்ட சங்க இலக்கியச் சொல்லடைவும் இத்தகைய இடக்குறிப்புகளை நம்பியே அமைந்தன. அடியெண் பிறழின் சொல்லடைவு முழுவதும் பயனற்றுப் போகும்.

கல்வெட்டுப் பதிப்பில் நிலைமை நேர்மாறானது. 1890இல் முதல் தொகுதி வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் கல்லின் வரியே எண்ணிட்டுக் காட்டப்பட்டது. வரி முடியும் இடத்தில் சொல் முறிந்தாலும் அம்முறிவு மறைக்கப்படவில்லை. கல் சிதைந்த இடத்தையும் எழுத்து மறைந்த அளவையும் கணிக்கப் பரப்பின் வரியே சான்று என்பது அதற்குக் காரணம். எனவே அடி உயர்ந்தது, வரி தாழ்ந்தது என்று கொள்வதற்கில்லை. இரண்டும் வெவ்வேறு வினாக்களுக்கு விடை தருவன. ஒன்றை மற்றொன்றாக மயங்குவதே பிழையாகும்.

புனேயின் கட்டத்தாள்

மகாபாரதச் செம்பதிப்புப் பணி 1919இல் தொடங்கி 1966இல் நிறைவெய்தியது. 1925இல் வி.எஸ். சுக்தங்கர் தலைமைப் பதிப்பாசிரியர் பொறுப்பை ஏற்றார். வடபுலத்துச் சாரதை, தேவநாகரி, வங்க எழுத்துப் படிகளோடு தென்புலத்துக் கிரந்தம், தெலுங்கு, மலையாள எழுத்துப் படிகளும் ஒப்பிடப்பட்டன. ஒப்பீட்டு மையங்களுள் ஒன்று தஞ்சாவூர்ச் சரசுவதி மகால் நூலகத்தில் இயங்கியமை தமிழ்நாட்டின் பங்கினைக் காட்டும்.

பல வகை எழுத்துகளில், பல அளவு ஓலைகளிலும் தாள்களிலும் எழுதப்பட்ட படிகளின் வரிகள் ஒன்றோடொன்று பொருந்தா. ஆகவே குறுக்கும் நெடுக்குமாகக் கோடிட்ட ஒப்பீட்டுத் தாள்கள் பயன்படுத்தப்பட்டன. மேல் வரிசையில் வழக்குப் பாடத்தின் சுலோகம் ஒரு கட்டத்திற்கு ஓர் எழுத்தாக நிரப்பப்பட்டது. ஒவ்வொரு படிக்கும் அதன் கீழே ஒரு வரிசை ஒதுக்கப்பட்டு, வேறுபடும் எழுத்து மட்டும் உரிய கட்டத்தில் குறிக்கப்பட்டது. இக்கட்டங்களில் அலகாக நின்றது உயிரும் மெய்யும் கூடிய எழுத்து. உயிர்க்குறி தனிக் கட்டம் பெறவில்லை. படியின் வரி எங்கே முறிந்தது என்பது இங்குப் பொருட்படுத்தப்படவில்லை. எந்தச் சுலோகத்தின் எத்தனையாவது எழுத்து என்பதே இடமாயிற்று.

இப்பதிப்பின் மற்றொரு நெறி மேலும் சிறப்புடையது. மூலபாடத்தில் இடம்பெறத் தகாதவை எனக் கருதப்பட்ட இடைச்செருகல்கள் நீக்கி எறியப்படவில்லை. அவற்றுள் சிறியன உடுக்குறியுடன் தனி எண் பெற்று அடிக்குறிப்பில் அச்சிடப்பட்டன. நீண்டன பின்னிணைப்பில் சேர்க்கப்பட்டன. இதனால் எத்தனை இடைச்செருகல்கள் காட்டப்பட்டாலும் மூலச் சுலோகத்தின் எண் மாறுவதில்லை. செருகல் நிகழ்ந்தாலும் முகவரி நகராதிருத்தல் என்னும் இப்பண்பு, பின்னர் உரைப்பெட்டியைப் பற்றிப் பேசும்போது நினைவிற் கொள்ளத்தக்கது.

இச்செம்பதிப்பு 1990களில் கணினி வடிவம் பெற்றது. கியோத்தோவின் முனேஓ தோகுனாகா உள்ளிட்ட உரையைக் கேம்பிரிட்ஜின் ஜான் ஸ்மித் திருத்தி அமைத்தார். இவ்வுரையில் ஒவ்வொரு வரியின் முன்னும் பருவத்திற்கு 2, அத்தியாயத்திற்கு 3, சுலோகத்திற்கு 3 என எட்டு இலக்கங்களும், பாதத்தைச் சுட்ட ஓர் உரோமன் எழுத்தும் இடப்பட்டுள்ளன. ஆதிபருவத்து முதல் அத்தியாயத்தின் முதல் சுலோகம் 01001001 என்னும் எண்ணைப் பெறும். எந்த மென்பொருளில் திறந்தாலும், சாளரம் குறுகினாலும் விரிந்தாலும், இம்முகவரி வரியோடு உடன் செல்லும்.

புனேயின் திரை

இந்திய எழுத்துகளைக் கணினியில் காட்டுவதற்கான முயற்சிகள் 1980களின் தொடக்கத்தில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் நடைபெற்றன. அங்கு உருவான ஜிஸ்ட் தொழில்நுட்பம் பின்னர்ப் புனே சி-டாக்கில் தொடர்ந்து வளர்க்கப்பட்டது. அம்முயற்சியில் முதன்மையான பங்கு வகித்தவர் மோகன் தாம்பே. கணினியினுள் பொருத்தப்படும் ஜிஸ்ட் அட்டை, ஆங்கிலத்திற்கென எழுதப்பட்ட டாஸ் மென்பொருட்களிலும் இந்திய எழுத்துகளைக் காண வழிசெய்தது.

அக்காலக் கணினித் திரை பொதுவாக 80 நெடுவரிசையும் 25 கிடைவரிசையும் கொண்ட கட்டத்தாள் போன்றது. ஒரு குறியீட்டிற்கு ஒரு கட்டம் என்பதே ஏற்பாடு. இத்திரையில் வரியின் இடத்தைக் கணிப்பது எளிது. 7ஆவது கிடைவரிசை, 12ஆவது நெடுவரிசை என்றால் அங்கு நிற்பது ஓர் எழுத்து. ஆங்கிலத்திற்குப் பொருந்திய இவ்வேற்பாடு தமிழுக்குப் பொருந்தவில்லை. ‘இ’ ஒரு குறியீடு, ஒரு வடிவம். ‘க்’ இரண்டு குறியீடு. வடிவமோ ககரமும் அதன்மேல் ஒரு புள்ளியும். ‘கொ’ இரண்டு குறியீடு. வடிவத்தில் ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று உறுப்பு. ‘கெ’ என்பதில் பின்னர்ச் சேமிக்கப்படும் உயிர்க்குறி திரையில் முன்னர் நிற்கிறது. சேமிப்பின் வரிசையும் காட்சியின் வரிசையும் பிரிந்தன.

இச்சூழலில் குறியீட்டை வடிவத்திற்கு அளிப்பதா, எழுத்தொலிக்கு அளிப்பதா என்னும் வினா எழுந்தது. 1991இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 13194 என்னும் எண்ணில் ஏற்ற இஸ்கி தரம் இரண்டாவதைத் தேர்ந்தது. பிராமி வழிவந்த எழுத்துமுறைகளுக்கெல்லாம் ஒரே குறியீட்டு வரிசை அளிக்கப்பட்டது. இதனால் ஒரு பனுவலைச் சேமித்த முறை, அதனைக் காட்டும் எழுத்துருவினின்று விடுபட்டது. வேறெந்த நன்மையினும் இந்நன்மை பெரிது. எழுத்துரு மாறினால் பனுவலும் சிதையும் நிலை இதனால் நீங்கியது.

எனினும் இதற்கொரு விலையும் இருந்தது. தமிழ் உயிர்மெய் எழுத்து ஒன்று, அகரமேறியதைத் தவிர, ஒரே குறியீடாக அமையவில்லை. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பு 1988ஆம் ஆண்டின் இஸ்கி வரைவைப் பின்பற்றியே இந்திய எழுத்துகளுக்கு இடம் ஒதுக்கியது. தமிழ்ப் பகுதியில் ககரத்திற்கும் ஙகரத்திற்கும் இடையே மூன்று இடங்கள் வெறுமையாக நிற்பது அம்மரபின் சுவடாகும். 247 எழுத்தென எண்ணப்படும் தமிழ் நெடுங்கணக்கு, உயிர், அகரமேறிய மெய், உயிர்க்குறி, புள்ளி என்னும் உறுப்புகளின் சேர்க்கையாகக் கணினியில் புகுந்தது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் மாநாட்டை ஒட்டி ஏற்கப்பட்ட டாம், டாப் குறியேற்றங்களும், 2010இல் தமிழக அரசு ஒருங்குறியோடு மாற்றுத் தரமாக ஏற்ற டேஸ் 16 குறியேற்றமும் இக்குறையை வெவ்வேறு வகையில் எதிர்கொண்டன. டேஸ் 16இல் ஒவ்வோர் உயிர்மெய்யும் ஒரே குறியீடாகும். உலகளாவிய மென்பொருட்களில் நிலைபெற்றது ஒருங்குறியே.

உரைப்பெட்டியில் வரியிடம்

கட்டத் திரைக்குப் பின்வந்த வரைகலைச் சாளரங்களில் உரைப்பெட்டி நிலைபெற்றது. இதன் அகத்தில் வரி என்று தனியே ஒன்றில்லை. உரை முழுவதும் ஒரே நீண்ட குறியீட்டுத் தொடராகக் கிடக்கிறது. அத்தொடரில் ஆங்காங்கே வரிமுறிவுக் குறி இடப்படுகிறது. உரையின் தொடக்கத்திலிருந்து எண்ணிவரும் எண்ணே ஒவ்வொன்றின் இடமாகும்; இதனை இடவெண் எனலாம். ஒவ்வொரு வரியும் எந்த இடவெண்ணில் தொடங்குகிறது என்னும் பட்டியலை உரைப்பெட்டி வைத்துக்கொள்கிறது. ஓர் இடவெண் தரப்பட்டால் அப்பட்டியலில் தேடி வரியெண் அறியப்படும். வரியெண் தரப்பட்டால் பட்டியலிலிருந்து அதன் தொடக்க இடவெண் பெறப்படும். வாசகர் சுட்டெலியால் ஓரிடத்தைச் சொடுக்கும்போது, அவ்விடத்தின் உயரத்தை வரியின் உயரத்தால் வகுத்துக் கிடைவரிசையையும், வரியில் உள்ள எழுத்துகளின் அகலங்களைக் கூட்டிவந்து எழுத்தையும் அது கண்டறிகிறது.

ஓலையில் தொடர்ந்தோடிய எழுத்தும் உரைப்பெட்டியின் அகத்தே தொடர்ந்தோடும் குறியீடும் அமைப்பால் ஒத்திருத்தல் காண்க. உரைப்பெட்டியின் அகலம் போதாதபோது வரி மடிந்து கீழிறங்குவதும் ஓலையின் ஓரத்தில் வரி முறிவதை ஒத்ததே. ஓலை சொல்லின் நடுவே முறிக்கும். உரைப்பெட்டி பெரும்பாலும் சொல்லிடைவெளியில் மடிக்கும். இவ்வளவே வேறுபாடு.

இங்கு ஒரு முரண் எழுகிறது. உரையில் எத்தனை வரிகள் உள்ளன என்று வினவினால் எல்லா உரைப்பெட்டிகளும் ஒரே விடையைத் தருவதில்லை. ஜாவா மொழியின் ஸ்விங் தொகுதியில் உள்ள உரைப்பெட்டி வரிமுறிவுக் குறிகளை வைத்தே எண்ணும். மடிந்த வரியைத் தனியாக எண்ணாது. விண்டோஸின் பலவரி உள்ளீட்டுப் பெட்டி, மடிப்பு இயங்கும்போது, திரையில் தோன்றும் வரிகளை எண்ணும். டிக்கிள் மொழியின் டிகே உரைப்பெட்டியில் வரியெண்ணும், அதன்பின் ஒரு புள்ளியும், எழுத்தெண்ணும் சேர்ந்து முகவரியாகும். வரி 1 முதலும் எழுத்து 0 முதலும் எண்ணப்படும். 2007இல் வெளிவந்த அதன் 8.5 பதிப்பு, தோன்றும் வரியைத் தனியே சுட்டும் வழியையும் சேர்த்தது. அடியா, வரியா என்று பதிப்பாசிரியர் கேட்ட வினாவையே மென்பொருள் வடிவமைப்பாளரும் கேட்க நேர்ந்தது என்பது இதனால் விளங்கும்.

திருத்தம் செய்யும்போது மற்றொரு சிக்கல் தோன்றும். உரையின் தொடக்கத்தில் ஒரு சொல்லைச் சேர்த்தால் பின்வரும் எல்லா இடவெண்களும் நகரும். ஆகவே வெறும் எண்ணாக வைத்த இடம் உடனே பொய்த்துப்போகும். இதற்கு மாற்றாக, உரையில் ஒரு குறியை ஊன்றி, உரை நகரும்போது அக்குறியும் உடன் நகருமாறு செய்யும் ஏற்பாடு ஸ்விங்கிலும் டிகேயிலும் உண்டு. புனேச் செம்பதிப்பில் உடுக்குறி ஆற்றிய பணியோடு இதனை ஒப்பிடலாம். ஆங்குச் செருகல் தனி எண் பெற்றதால் முகவரி அசையவில்லை. ஈங்கு முகவரியே பனுவலில் ஊன்றப்பட்டதால் எண் அசைந்தாலும் இடம் கெடவில்லை. ஆனால் உரைப்பெட்டியில் ஊன்றப்பட்ட குறி அச்செயலி இயங்கும்வரையே நிற்கும். கோப்பை வெறும் உரையாகச் சேமித்து மூடியவுடன் அது மறையும். செம்பதிப்பின் எண்ணோ பனுவலின் உறுப்பாகவே நிலைக்கும்.

எண்ணும் அலகு

வரியின் இடம் இடவெண்ணால் அறியப்படுமாயின், அவ்வெண் எதனை எண்ணிப் பெறப்பட்டது என்பது அடுத்த வினா. ஓலை, எழுத்தாணி, சுவடி என்னும் மூன்று சொற்களை ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று வரிகளில் உள்ளிட்டதாகக் கொள்வோம். மூன்றாம் வரி எங்கே தொடங்குகிறது?

தமிழ் எழுத்தாக எண்ணினால் ஓலை 2, எழுத்தாணி 5. ஒவ்வொரு வரிமுறிவுக்கும் ஒன்று கூட்டி, 0 முதல் எண்ணத் தொடங்கினால் மூன்றாம் வரியின் தொடக்கம் 9. ஒருங்குறிக் குறியீடாக எண்ணினால் ஓலை 3, எழுத்தாணி 9, தொடக்கம் 14. டாஸ், விண்டோஸ் மரபில் வரிமுறிவு இரண்டு குறியீடுகளால் ஆனது. அம்முறையில் தொடக்கம் 16. யூ.டி.எஃப். 8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டு பெறும். ஒற்றைக் குறி வரிமுறிவோடு தொடக்கம் 38. ஒரே பனுவலின் ஒரே வரிக்கு 9, 14, 16, 38 என நான்கு இடங்கள் அமைகின்றன. தொல்காப்பிய நெறியில் ஒற்றை நீக்கினால் எழுத்தாணி என்பதே 4 எழுத்தாகும். எந்த எண்ணிக்கையும் தன்னளவில் பிழையன்று. அலகைச் சொல்லாமல் எண்ணை மட்டும் தருவதே பிழை.

இதன் விளைவுகளைத் தமிழில் தட்டச்சிடுவோர் அறிவர். ‘கொ’ என்பதைப் பின்னோக்கி அழித்தால் சில செயலிகளில் ககரம் எஞ்சும். அதே ‘கொ’ ஒருங்குறியில் ககரமும் ஒகரக்குறியும் என இரண்டு குறியீடாகவும், ககரமும் எகரக்குறியும் காலும் என மூன்று குறியீடாகவும் அமையலாம். இரண்டும் ஒன்றே என ஒருங்குறித் தரம் கூறினும், ஒப்பிடும் முன் ஒரே வடிவிற்குக் கொணராத தேடலில் ஒன்று மற்றொன்றாக அறியப்படாது. கொம்பிற்கும் ககரத்திற்கும் இடையே வாசகர் சொடுக்கினால், அவ்விடத்திற்கு ஈடான இடவெண் சேமிப்பில் இல்லை.

ஒருங்குறித் தரமும் நாளடைவில் இதனை உணர்ந்தது. வாசகர் ஓர் எழுத்தாகக் கொள்ளும் அலகை வரையறுக்கும் அதன் இணைப்புநூல், 2008இன் 5.1 பதிப்பில் விரிவாக்கப்பட்டபோது, பழைய வரையறையில் இரண்டாகப் பிரிந்து புதிய வரையறையில் ஒன்றாகும் அலகுகளுக்குக் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் தமிழின் ‘நி’ இடம்பெறுகிறது. 2014இல் வெளியான ஸ்விஃப்ட் மொழி இவ்வலகையே எழுத்தாகக் கொண்டு எண்ணுகிறது. ஜாவாவோ 16 பிட் குறியீட்டலகையே எண்ணிவருகிறது. புனேயின் கட்டத்தாளில் ஒரு கட்டம் பெற்ற எழுத்து, பல பத்தாண்டுகள் கழித்துக் கணினியிலும் ஓர் அலகாக ஏற்கப்பட்டது எனலாம். ஆயினும் ‘க்ஷ’ போன்ற கூட்டெழுத்து இவ்வரையறையிலும் இரண்டாகவே எண்ணப்படுகிறது.

பதிப்பு நிலையில் விளைவுகள்

இவ்வேறுபாடுகள் மென்பொருளாளர்க்கு மட்டும் உரியன அல்ல. குறுந்தொகைப் பாடல் ஒன்றைக் குறுகிய உரைப்பெட்டியில் உள்ளிடுபவர், வரி மடியும் இடத்தில் அழகு கருதி வரிமுறிவு இட்டுவிட்டால் 8 அடிப் பாடல் 10 வரியாகும். கணினி அதனை 10 அடி என்றே எண்ணும். 4 முதல் 8 அடி என்னும் தொகுப்பு நெறியையும், அந்நெறிக்கு விலக்காக 9 அடி பெற்று நிற்கும் 307, 391 ஆகிய பாடல்களின் தனித்தன்மையையும் அத்தகைய கோப்பைக்கொண்டு ஆராய இயலாது. சீரின் நடுவே இடப்பட்ட முறிவு சொல்லை இரண்டாக்குவதால் தேடலிலும் அச்சொல் அகப்படாது. அது நூலில் இல்லை என்னும் தவறான முடிவிற்கு ஆய்வாளர் வரக்கூடும். ஓலையிலிருந்து அச்சிற்கு வந்தபோது பதிப்பாசிரியர் அரிதின் மீட்ட அடி, அச்சிலிருந்து திரைக்கு வரும்போது மீண்டும் வரியில் கரைந்துவிடும் அபாயம் இதுவாகும்.

இதற்குத் தீர்வு உரைப்பெட்டியைச் செம்மைப்படுத்துவதில் மட்டும் இல்லை. 1987இல் தொடங்கிய உரைக் குறியேற்ற முன்முயற்சியாகிய டி.இ.ஐ., செய்யுள் அடிக்கு ஒரு குறியையும், ஏட்டிலோ தாளிலோ புதுவரி தொடங்கும் இடத்திற்கு வேறொரு குறியையும் வகுத்துள்ளது. அடியை ஒரு கொள்கலம்போலவும் வரித்தொடக்கத்தை அதனுள் விழும் ஒரு புள்ளிபோலவும் அது கொள்கிறது. இதனால் ஒரே கோப்பில் யாப்பின் அடியும் ஏட்டின் வரியும் ஒன்றையொன்று கெடுக்காமல் உடன்வாழ இயலுகிறது. சுவடிப் படிகளை ஒப்பிட்டுப் பதிப்பிக்கும் தமிழ்ப் பணிகளுக்கு இம்முறை மிகவும் ஏற்றது. ஏட்டின் ஓரத்தில் எழுத்து விடுபடுவதும் இருமுறை எழுதப்படுவதும் வரி மாறும் இடங்களில் நேரக்கூடியன ஆதலின், பாடவேறுபாட்டின் காரணத்தை அறிய ஏட்டு வரியும் வேண்டப்படும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகள் பின்வருமாறு:

1. வரி பரப்பினால் அமைவது. அடி பனுவலால் அமைவது. ஓலையின் ஓரமும் உரைப்பெட்டியின் ஓரமும் வரியை மட்டுமே தீர்மானிக்கின்றன.

2. புனேயின் மகாபாரதச் செம்பதிப்பு, எழுத்தைக் கட்டத்தின் அலகாகவும் சுலோக எண்ணை அசையாத முகவரியாகவும் கொண்டது. சி-டாக்கின் இஸ்கி மரபு, பனுவலின் சேமிப்பை அதன் தோற்றத்தினின்று விடுவித்தது. முன்னது முகவரியையும் பின்னது குறியீட்டையும் தந்தது. தமிழ் மின்பதிப்பிற்கு இரண்டும் ஒருங்கே வேண்டும்.

3. உரைப்பெட்டி தரும் வரியெண்ணும் இடவெண்ணும் அச்செயலியின் எண்ணும் முறைக்குக் கட்டுப்பட்டவை. அவற்றை மேற்கோள் முகவரியாகக் கொள்ளுதல் கூடாது.

4. நூற்பெயர், பாடல் எண், அடியெண் ஆகியவை பனுவலின் உறுப்பாகவே ஒவ்வோர் அடியோடும் சேமிக்கப்பட வேண்டும். எழுத்தெண்ணிக்கை தரும் ஆய்வுகள் எண்ணிய அலகை முதலிலேயே குறிப்பிட வேண்டும். ஏட்டு வரி தேவைப்படும் இடத்து அதற்கெனத் தனிக்குறி இடப்பட வேண்டும்.

அகநானூற்றைத் தொகுத்தோர் எண்ணையே திணையின் காவலாக வைத்தனர். ஏடு பலமுறை படியெடுக்கப்பட்டும், எழுத்தின் வடிவம் மாறியும், ஓலை அச்சாகியும் அக்காவல் இன்றளவும் செயல்படுகிறது. பரப்பு மாறும்போதெல்லாம் பனுவலைக் காத்தது, பனுவலுக்குள்ளேயே வைக்கப்பட்ட இடக்குறிப்புதான். திரையில் தமிழ்ப் பனுவல்களை அமைப்போரும் கைக்கொள்ள வேண்டிய நெறி அதுவே எனலாம்.